கடையில் கச்சிதம், இறக்கத்தில் வில்லங்கம்: மலையேற்றக் காலணி, சாக்ஸ், கையுறை வாங்கும்போது செய்யும் தவறுகள்

முதல் தடவை மலையேறப் போனபோது, உச்சி வரைக்கும் என் கால் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் இறக்கத்தில்தான் ஆரம்பித்தது. ஒவ்வொரு அடிக்கும் பாதம் ஷூவுக்குள் முன்னால் வழுக்கி, கட்டைவிரல் போய் முட்டியது. நாலைந்து தடவை முட்டினால் தெரியாது. நான்கு மணி நேரம் முட்டினால்? மறுநாள் காலையில் இரண்டு கட்டைவிரல் நகமும் நாவல்பழ நிறத்துக்கு வந்திருந்தன. இரண்டு மாதம் கழித்து ஒவ்வொன்றாகக் கழன்றன. ஷூ நல்ல ஷூதான். நான்தான் காலை வேளையில், கடையின் வழவழப்பான தரையில், மெல்லிய சாக்ஸோடு போட்டுப் பார்த்து, "கச்சிதமா இருக்கு" என்று வாங்கி வந்திருந்தேன்.

அந்தக் "கச்சிதம்"தான் வினை. கடையில் கால் காய்ந்திருக்கும், நாம் சமதரையில் நின்றுகொண்டிருப்போம். மலையில் அதே கால் வியர்த்து, வீங்கி, சரிவில் இறங்கிக்கொண்டிருக்கும். இதை மறந்து வாங்குவதால் வரும் தொல்லைகளே காலணியில் தொடங்கிக் கையுறை வரைக்கும் நீள்கின்றன.

அளவு எண்ணை நம்புவது

நாம் தினமும் போடும் செருப்பின் எண்ணையே மலையேற்ற ஷூவுக்கும் சொல்லிவிடுகிறோம். ஒரு நிறுவனத்தின் 8 இன்னொரு நிறுவனத்தின் 8 ஆக இருக்காது. போதாததற்கு, நம் இரண்டு பாதங்களும் பெரும்பாலும் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. பெரிய காலுக்குத்தான் அளவெடுக்க வேண்டும். சாயங்காலமாகப் போய் வாங்குங்கள். பகலெல்லாம் நடந்து கால் கொஞ்சம் உப்பியிருக்கும், மலையில் இருக்கப்போகும் கால் அதுதான். மலையில் போடப்போகும் அதே தடிமனான சாக்ஸையும் கையோடு கொண்டுபோங்கள்.

நான் இப்போது செய்வது இது. முதலில் ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தையை, அதாவது இன்சோலை, வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் நிற்பேன். விரல்களுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் மிச்சம் இருக்க வேண்டும். சுண்டுவிரல் ஓரத்தைத் தாண்டி வழியக் கூடாது. அப்புறம் லேஸ் கட்டாமல் காலை உள்ளே விட்டு, முன்பக்கம் முட்டும்வரை தள்ளுவேன். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைந்தால் சரி. நுழையவில்லை என்றால் சின்னது, இரண்டு விரல் தாராளமாகப் போனால் பெரியது. கடைசியாக லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு படிக்கட்டிலோ சரிவிலோ பத்துப் பதினைந்து தடவை இறங்குவேன். விரல் நுனி ஒரு தடவை முட்டினாலும் அந்த ஷூ வேண்டாம். கடைக்காரர் முகத்தைச் சுளிக்கலாம். நகம் அவருடையதல்லவே.

"போகப் போகத் தளர்ந்துவிடும்" என்று யாராவது சொன்னால், எந்தப் பக்கம் என்று கேளுங்கள். தோல் ஷூ அகலவாக்கில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். நீளத்தில் விட்டுக்கொடுக்காது. செயற்கை இழை ஷூ அந்த அளவுக்குக்கூட இளகாது.

நகத்தை மறந்துவிட்டு ஷூவைத் திட்டுகிறவர்களும் உண்டு. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே நகத்தை நேராக வெட்டிவிடுங்கள். கடைசி இரவில் ஒட்ட வெட்டினால் அதுவே தனி வலி.

நாளைக்கு மலை, இன்றைக்குப் புது ஷூ

விறைப்பான தோல் பூட் என்றால், கிளம்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே போட்டு நடக்க வேண்டும். முதலில் வீட்டுக்குள், பிறகு தெருவில், அப்புறம் முதுகில் பையோடு. மெல்லிய டிரெக்கிங் ஷூவுக்கு இவ்வளவு வேண்டாம். ஆனால் இரண்டு நீண்ட நடையாவது போய்வந்தால்தான் அது எங்கே கடிக்கும் என்று தெரியும்.

இதற்கு நேர் எதிரான தவறு ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. அலமாரியில் பல வருடம் தூங்கிய பூட்டைத் தூசி தட்டிப் போட்டுக்கொண்டு வருவது. பல பூட்களின் நடு அடுக்கு பாலியூரித்தேனால் ஆனது. காற்றிலுள்ள ஈரப்பதம் பட்டுப் பட்டு அது வருடக்கணக்கில் தானாகவே சிதையும். போடாமல் வைத்திருந்தாலும் சிதையும். மேல்தோல் பளபளவென்று புதிதாகவே தெரியும் என்பதுதான் வில்லங்கம். எங்களோடு வந்த ஒருவரின் பூட்டுக்கு இரண்டாம் நாள் மதியம் அடிப்பாகம் முதலை வாயைப் போலத் திறந்துகொண்டது. உள்ளே இருந்தது காய்ந்த ரொட்டித் தூளாக உதிர்ந்தது. மீதித் தூரத்தைக் கூடாரக் கயிற்றால் கட்டிக்கொண்டுதான் நடந்தார். பழைய பூட் என்றால் அடிப்பாகத்தை இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள், பக்கவாட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்போ பிசுபிசுப்போ இருந்தால் அதோடு மலைக்குப் போகாதீர்கள்.

கனமானதுதான் உறுதி என்று நினைப்பது

காலில் ஏறும் எடை முதுகில் ஏறும் எடையைப் போன்றதல்ல. ராணுவ வீரர்களின் சுமை பற்றிய ஆய்வுகள், காலில் கட்டிய ஒரு கிலோ, முதுகில் சுமக்கும் ஒரு கிலோவைப்போல் நான்கு முதல் ஆறு மடங்கு வரை சக்தியைத் தின்னும் என்று காட்டின. காரணம் எளிது: ஒவ்வொரு அடிக்கும் அதைத் தூக்கி, வீசி, நிறுத்த வேண்டியிருக்கிறது. பாதை தெளிவாக இருக்கும் இரண்டு நாள் நடைக்கு, பனிப்பாறையில் ஏறுகிறவர்கள் போடும் பூட் எதற்கு?

அதற்காக ஓட்டப் பயிற்சி ஷூவையே மாட்டிக்கொண்டு போவதும் சரியில்லை. பாறையும் சேறும் இருக்கும் பாதையில் பிடிப்புதான் உயிர். 1935-இல் இத்தாலிய ஆல்ப்ஸ் மலையில் ஆறு பேர் இறந்தார்கள்; அவர்கள் போட்டிருந்த காலணி அந்தக் குளிருக்கும் பனிக்கும் தாங்காததும் ஒரு காரணம். அவர்களோடு மலையேறியிருந்த விட்டாலே பிரமானி, அதன்பிறகு ஆழமான பற்கள் கொண்ட ரப்பர் அடிப்பாகத்தை உருவாக்கினார். இன்று பல பூட்களின் அடியில் மஞ்சள் முத்திரையாகத் தெரியும் "விப்ரம்" அவர் பெயரின் சுருக்கம்தான். முத்திரை இருந்தால் மட்டும் போதாது, பற்கள் தேயாமல் இருக்க வேண்டும். குதிகால் ஓரத்தை முதலில் பாருங்கள், இறங்கும்போது அதிகம் தேய்வது அங்கேதான்.

உயரமான பூட் கணுக்காலைச் சுளுக்கிலிருந்து காப்பாற்றும் என்ற நம்பிக்கையை நான் பாதிதான் ஏற்பேன். கல்லில் இடிபடாமல் காக்கும், கனமான பை இருந்தால் தெம்பாக இருக்கும். மற்றபடி கணுக்காலைக் காப்பது பழகிய தசைதான்.

வாட்டர்புரூஃப் விஷயத்திலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறோம். உள்ளே இருக்கும் சவ்வு வெளித் தண்ணீரைத் தடுக்கும். நீராவியாக வியர்வையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். குளிரிலும் ஈரப் புல்லிலும் அது வரம். ஆனால் ஓடையைக் கடக்கும்போது மேல்வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டால், உள்ளே வராமல் தடுக்கும் அதே சவ்வு வெளியே போகவும் விடாது. பூட் வாளி ஆகிவிடும். வெயில் காலத்து நடைக்கு, நனைந்தாலும் சீக்கிரம் காயும் வலைத்துணி ஷூ எவ்வளவோ மேல்.

நனைந்த ஷூவை நெருப்புக்குப் பக்கத்தில் வைப்பது இன்னொரு தவறு. பசை இளகும், தோல் வெடிக்கும். இன்சோலை எடுத்துவிட்டு, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். கடுங்குளிர் இரவு என்றால் பூட்டைக் கூடாரத்துக்கு வெளியே விடாதீர்கள். 1953 மே 29 அன்று காலை, எவரெஸ்ட் உச்சிக்குப் புறப்பட வேண்டிய நேரத்தில் எட்மண்ட் ஹிலரியின் பூட்கள் கல்லாக உறைந்து கிடந்தன. அடுப்பில் காட்டி அவற்றை இளக்கவே இரண்டு மணி நேரம் போயிற்று.

பருத்தி சாக்ஸ், அதிலும் இரண்டு ஜோடி

கொப்புளம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீரும். தோலின் மேல்பரப்பு சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு ஒரு பக்கம் இழுபடுகிறது. உள்ளே எலும்பு இன்னொரு பக்கம் நகர்கிறது. நடுவிலுள்ள தோல் அடுக்குகள் பிரிந்து, அங்கே நீர் கோக்கிறது. தோல் ஈரமாக இருந்தால் சாக்ஸ் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், அதனால் இழுவையும் கூடும். பருத்தி செய்வது இதைத்தான்: வியர்வையைக் குடித்துவிட்டு, காயாமல், ஈரத் துணியாகக் காலைச் சுற்றிக்கொள்கிறது. அன்றாடத்துக்கு எவ்வளவு சுகமோ, மலைக்கு அவ்வளவு ஆகாது. மெரினோ என்ற ஆட்டினத்தின் மென்மையான கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் தொடுவதற்குக் காய்ந்ததுபோலவே இருக்கும், நனைந்தாலும் சூட்டைக் கொஞ்சம் பிடித்துவைக்கும், நாற்றமும் குறைவு. வெறும் கம்பளி சீக்கிரம் ஓட்டையாகும் என்பதால் நைலான் கலந்ததை எடுங்கள். பாலியஸ்டர் சாக்ஸும் வேலை செய்யும். மூன்றாம் நாள் கூடாரத்தில் பக்கத்தில் படுப்பவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பருத்திக்கு ஒரு விலக்கு உண்டு. மழைக்காட்டில் அட்டை புகாமல் இருக்க, நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை வரும் உறை விற்கிறார்கள். அது பெரும்பாலும் பருத்திதான். அதைச் சாக்ஸுக்கு மேலேதான் போடுகிறோம், கால் தோலைத் தொடாது.

"குளிரும், ரெண்டு சாக்ஸ் போட்டுக்கோ" என்று அக்கறையோடு சொல்லாத வீடு இல்லை. ஷூவில் இடமில்லாமல் இரண்டு தடித்த சாக்ஸைத் திணித்தால் ரத்த ஓட்டம் நெரிபடும், இடையில் தங்க வேண்டிய காற்றும் போய்விடும். சூடு கொடுப்பதே அந்தக் காற்றுதான். விளைவு, ஒரு சாக்ஸோடு இருந்ததைவிட அதிகமாகக் குளிரும். இரண்டு அடுக்கு வேண்டுமென்றால் உள்ளே லைனர் எனப்படும் மிக மெல்லிய உள்சாக்ஸ், மேலே ஒரு நடுத்தர சாக்ஸ். உராய்வு அந்த இரண்டு துணிகளுக்கு இடையில் நடந்துவிடும், தோல் தப்பிக்கும். ஷூ வாங்கும்போதே இதைப் போட்டு அளவு பார்த்திருக்க வேண்டும்.

மதியம் உட்காரும்போது ஷூவைக் கழற்றி, காலைக் காற்றாட விட்டு, சாக்ஸை மாற்றிக்கொள்ளலாம். சோம்பலில் இதைச் செய்யாமல் விடுவதுதான் வழக்கம். நடக்கும்போது எங்காவது சுருக்கென்று சூடு தெரிந்தால், அடுத்த திருப்பம் வரை பொறுக்காதீர்கள். அங்கேயே நின்று, தோலைத் துடைத்து, டேப் ஒட்டுங்கள். நின்றால் கூட வருகிறவர்களுக்குத் தாமதம் என்று கூச்சப்பட்டு நடந்த கால்தான் மறுநாள் எல்லோரையும் தாமதப்படுத்தும். ராத்திரி தூங்க ஒரு ஜோடி தனியாக இருக்கட்டும். எவ்வளவு நனைந்தாலும் அதைப் பகலில் போடுவதில்லை என்பது என் சொந்தச் சட்டம்.

கையுறையை மறந்தே போவது

கையுறை எப்போதும் பட்டியலின் கடைசியில்தான் வரும். ஒரு ஜோடி, அதுவும் பைக் ஓட்டும் கையுறை அல்லது வீட்டில் கிடந்த பின்னல் கையுறை. பின்னல் வழியாகக் காற்று தாராளமாகப் போகும். பைக் கையுறை பெரும்பாலும் கையை ஒட்டிப் பிடிக்கும். இறுக்கம் சாக்ஸில் செய்த அதே கெடுதலை இங்கேயும் செய்யும். கையுறை போட்டபின் விரல் நுனியில் துளி இடம் இருக்க வேண்டும், கையை முஷ்டி பிடித்தால் புறங்கைப் பக்கம் இழுக்கக் கூடாது.

அடுக்குகளாகப் பிரித்து வாங்குவது நல்லது. உள்ளே லைனர் என்ற மெல்லிய உள்கையுறை, மேலே கம்பளியோ ஃபிளீஸ் என்ற பஞ்சுபோன்ற செயற்கைத் துணியோ, அதற்கும் மேலே காற்றும் ஈரமும் புகாத வெளியுறை. ஏறும்போது லைனர் போதும். ஏற்றத்தில் தடித்த கையுறையோடு போனால் உள்ளே வியர்த்து ஊறிவிடும். உச்சியில் காற்றில் நிற்கும்போது அந்த ஈரம் பழிவாங்கும். கடுங்குளிருக்கு விரல் பிரியாத மிட்டன்தான் சூடு, விரல்கள் ஒன்றையொன்று அணைத்துக்கொள்ளும். ஆனால் மிட்டனோடு ஜிப்பைப் பிடிக்க முடியாது, அதனால் அதற்கு உள்ளேயும் லைனர் வேண்டும். படம் எடுக்க எல்லாவற்றையும் கழற்றுகிறவர்கள் லைனரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கழற்றிய கையுறையைப் பாறைமேல் வைக்காதீர்கள். 1950 ஜூன் 3 அன்று அன்னபூர்ணா உச்சியைத் தொட்டு இறங்கும் வழியில், பிரெஞ்சு மலையேறி மொரிஸ் எர்ஸோக் பையைத் திறப்பதற்காகக் கையுறையைக் கழற்றினார். அது சரிவில் உருண்டு போய்விட்டது. வெறுங்கையோடு முகாம் வரை வந்தார். கை விரல்களில் பெரும்பாலானவற்றையும் கால் விரல்களையும் இழந்தார். இத்தனைக்கும் அவர் பைக்குள் மாற்றுச் சாக்ஸ் ஒரு ஜோடி இருந்தது. அதைக் கையில் மாட்டலாம் என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவேயில்லை. உயரமும் களைப்பும் புத்தியை அப்படி மழுக்கிவிடும்.

நாம் போகும் மலை அவ்வளவு உயரமில்லாமல் இருக்கலாம். மழையில் நனைந்த கைக்குக் காற்று வீசினால் பனி இல்லாத மலையிலும் விரல் மரத்துவிடும், முடிச்சு அவிழாது, பையின் கொக்கி திறக்காது. கையுறைக்கு மணிக்கட்டில் மாட்டும் வார் வையுங்கள். கழற்றினால் சட்டைக்குள் செருகுங்கள். மாற்று ஜோடி பையின் அடியில் புதைந்திருந்தால் இல்லாததற்குச் சமம், மேல் பாக்கெட்டில் இருக்க வேண்டும். விரல் வெளுத்து உணர்ச்சி போனால் தேய்க்கக் கூடாது, பனியால் தேய்ப்பது அதைவிட மோசம். அக்குளில் வைத்துச் சூடாக்குங்கள். ஊதிச் சூடாக்குகிறேன் என்று கையுறைக்குள் மூச்சை விட்டால் ஈரம்தான் உள்ளே போகும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் வீட்டில் உட்கார்ந்து, கையுறையைப் போட்டுக்கொண்டே ஷூ லேஸைக் கட்டிப் பாருங்கள். ஜாக்கெட் ஜிப்பை இழுத்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து, தலைவிளக்கைப் போட்டு அணைத்துப் பாருங்கள். எதற்குக் கையுறையைக் கழற்ற வேண்டி வந்ததோ, அந்த ஜிப்பின் முனையில் ஒரு சின்னக் கயிற்றைக் கட்டிவிடுங்கள்.