ஆமணக்கு: நாலடிக்கு மூணடி விட்டு விதைப்பது எப்படி?

விதைத்து ஒரு மாதம் ஆன ஆமணக்கு வயலில் பாதி வெறும் மண்ணாகத்தான் தெரியும். 'இவ்வளவு இடமா வீணாகிறது?' என்று அடுத்த பட்டத்தில் நெருக்கி விதைத்தால் மகசூல் குறையும். நடுத்தண்டின் நுனியில் வருவது ஒரே ஒரு குலை. அதன்பின் பக்கக் கிளைகளில் வரும் குலைகளுக்குத்தான் இந்த இடம். நெருக்கமான செடி வெளிச்சம் தேடி நெட்டையாக ஓடும், கிளை விடாது.

அளவு. ஏத்தாப்பூர் ஒய்.ஆர்.சி.எச். 1 போன்ற வீரிய ஒட்டு ரகத்துக்கு மானாவாரியில் 120×90 செ.மீ., அதாவது நாலடிக்கு மூணடி. ஏக்கருக்குச் சுமார் 3,700 செடி. இறவையில் 150×120 செ.மீ., சுமார் 2,250 செடி. ஆடிப்பட்டம் தவறிப் பின்தங்கி விதைத்தால் செடி பெரிதாகாது, அப்போது அரையடி நெருக்கலாம்.

கோடு போடுதல். நைலான் கயிற்றில் முடிச்சுப் போட்டு அளக்க வேண்டாம். இழுக்க இழுக்க நீளும், கடைசி வரிசையில் கணக்கு தப்பும். கட்டுக்கம்பியில் மூணடிக்கு ஒரு துணித் துண்டு கட்டுங்கள். வரிசைக்கு வரிசை நாலடி மூங்கில் குச்சியே போதும்.

விதைப்பு. குழிக்கு இரண்டு விதை, இரண்டு அங்குல ஆழம். ஏக்கருக்கு 2 கிலோவுக்குச் சற்று மேல் பிடிக்கும்.

கலைப்பு. பலர் சறுக்கும் இடம் இதுதான். இரண்டு விதையும் முளைத்துவிட்டால் பிடுங்க மனம் வராது. ஆனால் இரண்டையும் விட்டால் நாலடிக்கு மூணடி என்பது காகிதத்தில்தான். குழிக்குள் இரண்டு செடியும் ஒன்றையொன்று நெருக்கி, இரண்டுமே ஒல்லிக் குலைதான் தரும். 15 நாளில் திடமானதை விட்டு மற்றதை எடுங்கள். வேர்கள் பின்னியிருந்தால் பிடுங்காமல் தரையோடு கிள்ளுங்கள். எடுத்த செடியை ஆடு மாடு எட்டும் இடத்தில் போடாதீர்கள், விஷம். முளைக்காத குழியில் 10 நாளுக்குள் மறுவிதை போடுங்கள். அதற்குமேல் போட்டால் பக்கத்துச் செடியின் நிழலில் சோம்பி நிற்கும். ஒற்றைக் குழி காலியானால் அக்கம்பக்கத்துச் செடிகள் கிளைவிட்டு ஓரளவு ஈடுகட்டிவிடும். அடுத்தடுத்து இரண்டு காலியானால்தான் நஷ்டம்.

நாலடி வரிசையில் களையெடுக்கும் இயந்திரமான பவர் வீடர் தாராளமாகப் போகும், கிளை விரியும்வரை மட்டும். ஊடுபயிராக இரண்டு வரிசை உளுந்து போடலாம். ஆமணக்கு முழுதாகக் கவியும் நேரத்தில் அது அறுவடைக்கு வந்துவிடும்.

நெருக்கத்தின் இன்னொரு விலை, பூக்கும் நேரத்தில் அடைமழை பிடித்தால் தெரியும். காற்றோட்டம் இல்லாத வயலில் குலையில் சாம்பல் பூசணம் பிடித்துக் காய்கள் அழுகி உதிரும்.

சொட்டுநீர் போட்டவர்களுக்கு. இரண்டடிக்கு ஒரு சொட்டுவான் உள்ள குழாயில் ஒவ்வொன்றிலும் விதை போட்டுவிடுகிறார்கள். செடி எண்ணிக்கை இரட்டிப்பாகிவிடும். ஒன்று விட்டு ஒன்றில் போடுங்கள். குழாய்கள் ஐந்தடி தள்ளி இருந்தால் 150×120 தானாக அமைந்துவிடும்.