மொரிஷியசிலிருந்து லியோன்: இரண்டு ஆறுகளின் ஊரைச் சுற்றிப் பார்க்கத் திட்டமிடுவது எப்படி?

ரயில் அட்டவணையைப் பார்த்தால் லியோனை ஒரே பகலில் முடித்துவிட்டுப் பாரிசுக்குத் திரும்பிவிடலாம் போலத்தான் தோன்றும். இரண்டு மணி நேரப் பயணம்தானே! ஆனால் அந்த ஊரில் சில கதவுகள் காலையில்தான் திறக்கும், மலைமேலிருந்து ஊரைப் பார்க்க மாலைதான் நல்லது, திங்கட்கிழமை பல இடங்கள் பூட்டிக் கிடக்கும். மூன்று இரவாவது தங்குங்கள்.

காகிதங்கள்

மொரிஷியஸ் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் (பொது எல்லை கொண்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) விசா வேண்டாம். 180 நாளுக்குள் 90 நாள் தங்கலாம். பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரீயூனியன் ஷெங்கனில் சேராது, அதனால் அங்கே உறவினர் வீட்டில் இருந்த நாட்கள் இந்தக் கணக்கில் வராது.

விசா இல்லை என்பதற்காக வெறுங்கையோடு போய் நிற்க முடியாது. திரும்பும் டிக்கெட், தங்குமிடச் சான்று, 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு, செலவுப் பணம் எல்லாவற்றையும் எல்லையில் கேட்கலாம். ஓட்டல் முன்பதிவு இருந்தால் ஒருவருக்கு நாளொன்றுக்கு 65 யூரோ, இல்லாவிட்டால் 120 யூரோ காட்ட வேண்டும் என்பது பிரான்சின் விதி. அக்கா வீட்டிலோ மாமா வீட்டிலோ தங்குவதாக இருந்தால், அவர்கள் தங்கள் ஊர் மேரியில் (நகராட்சி அலுவலகத்தில்) 'அத்தெஸ்தாசியோன் தக்கேய்' என்ற விருந்தினர் வரவேற்புச் சான்றை வாங்கி, மூலப் பிரதியையே உங்களுக்கு அனுப்ப வேண்டும். அதற்கு 30 யூரோ கட்டணம், கைக்கு வர ஒரு மாதம்கூட ஆகலாம். ஆகவே விமான டிக்கெட் வாங்கிய அன்றே அவர்களுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

பெட்டியில் நெய், பால் இனிப்பு, இறைச்சி எதுவும் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அவை தடை. தோட்டத்து மாம்பழமும் பச்சைக் கறிவேப்பிலையும் தாவர நலச் சான்று இல்லாமல் போனால் பறிமுதல்தான். உலர் மீன், மசாலாத் தூள், அச்சார் கொண்டுபோகலாம். நம் வீட்டு மூன்று சதுரக் கம்பி பிளக் அங்கே நுழையாது. மின்னழுத்தம் ஒன்றே என்பதால் சாதாரண அடாப்டர் போதும். ரூபாயைப் பிளசான்ஸ் விமான நிலையத்திலேயே யூரோவாக மாற்றிவிடுங்கள்.

பாரிசிலிருந்து ரயில்

ஷார்ல் து கோல் விமான நிலையத்தின் இரண்டாம் டெர்மினலுக்குள்ளேயே டிஜிவி என்ற அதிவேக ரயிலுக்கான நிலையம் இருக்கிறது. அங்கிருந்து லியோனுக்கு நேரடி ரயில் உண்டு. பாரிஸ் நகருக்குள் போகவே வேண்டாம். இங்கே பலர் செய்யும் பிழை, விமானம் இறங்கி ஒன்றரை மணி நேரத்திலேயே ரயிலைப் பிடிப்பதுபோல் டிக்கெட் வாங்கிவிடுவது. 2025 அக்டோபர் முதல் எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறார்கள், முதல் முறை போகிறவர்களுக்கு வரிசை நீளும். மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள். வீகோ ரயில் மலிவுதான், ஆனால் தவறவிட்டால் பணம் போயிற்று, பெட்டிக்கும் தனிக் கட்டுப்பாடு உண்டு.

நிலையப் பெயர்களிலும் கவனம் வேண்டும். 'கார் து லியோன்' இருப்பது பாரிசில்! லியோனில் நீங்கள் இறங்க வேண்டியது பார்-தியூ அல்லது பெராஷ். 'லியோன் சேன்-தெக்சுப்பெரி' என்றால் ஊருக்கு வெளியே இருக்கும் விமான நிலையம். துபாய் வழியாக அங்கே இறங்குகிறவர்கள் ரோன்எக்ஸ்பிரஸ் டிராமில் அரை மணிக்குள் பார்-தியூ வந்துவிடலாம். அதற்குத் தனி டிக்கெட், நகரப் போக்குவரத்து டிக்கெட் செல்லாது.

எங்கே தங்குவது

மேற்கே சோன் ஆறு, கிழக்கே ரோன் ஆறு, நடுவில் பிரெஸ்கீல் என்ற நடு ஊர்ப் பகுதி. அங்கே பெல்கூர் சதுக்கத்துக்குப் பக்கமாக அறை எடுங்கள். ஏ (A), டி (D) இரண்டு மெட்ரோ வழிகளும் அங்கேதான் சந்திக்கின்றன. பழைய லியோனில் தங்க ஆசைப்பட்டால் முதலில் லிஃப்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். கல் பாவிய தெருவில் பெட்டியை இழுத்து வந்து, பிறகு சுழல் படியில் தூக்கி ஏற வேண்டியிருக்கும். தாத்தா பாட்டியோடு போனால் அந்த ஆசையே வேண்டாம்.

ஏறுவது ரயிலில், இறங்குவது நடந்து

இந்த ஊருக்கு இதுதான் சூத்திரம். முதல் நாள் காலை ஒன்பது மணிவாக்கில் பழைய லியோனில் தொடங்குங்கள். 1998இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பகுதிகளில் இதுவும் ஒன்று. இங்கே பார்க்க வேண்டியவை திராபூல்கள், அதாவது ஒரு தெருவில் நுழைந்து, கட்டடங்களின் வயிற்றுக்குள்ளேயே நடந்து, அடுத்த தெருவில் வெளியேறும் வழிகள். நீளமானது 54, ரூ சேன்-ஜானில் தொடங்கி 27, ரூ து பஃபில் முடிகிறது. கனத்த மரக்கதவு மூடியிருந்தாலும் பூட்டியிருக்கிறது என்று திரும்பிவிடாதீர்கள். எண் பலகைக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தி, கதவைத் தோளால் தள்ளுங்கள். உள்ளே இருண்ட நடை, தபால் பெட்டிகள், பிறகு வெளிச்சம் விழும் முற்றம். ஆட்கள் குடியிருக்கும் வீடுகள் என்பதால் குரலைத் தாழ்த்துங்கள். மாலையில் பல கதவுகள் திறக்காது.

பிற்பகல் மூன்று மணிக்கு ஃபூர்வியேர் குன்றுக்கு ஏறுங்கள். ஊர் கிழக்குப் பக்கம் இருக்கிறது, காலையில் போனால் சூரியன் கண்ணில் அடிக்கும். பிற்பகல் வெயிலில் கூரைகள் தெளிவாகத் தெரியும். வியூ லியோன் (பழைய லியோன்) மெட்ரோ நிலையத்திலிருந்து இரண்டு கேபிள் ரயில்கள் கிளம்புகின்றன. ஒன்று நேரே குன்றின்மேல் இருக்கும் பசிலிக்கா என்ற பெரிய தேவாலயத்துக்கு, மற்றது சேன்-ஜூஸ்துக்கு. ஏறுமுன் பலகையைப் படியுங்கள். பசிலிக்காவிலிருந்து பத்து நிமிட நடையில் ரோமானியர் அரங்கு. கி.மு. 43இல் ரோமானியர் நிறுவிய லுக்துனும் நகரத்தின் மிச்சம் அது. அனுமதி இலவசம், பக்கத்து அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. முழங்கால் வலி இருந்தால் மினீம் நிறுத்தத்தில் கேபிள் ரயில் பிடித்து இறங்குங்கள், இல்லையென்றால் ரோசேர் தோட்டத்து வழியாக நடக்கலாம்.

மறுநாள் சி மெட்ரோவில் குருவா-ரூசுக்கு ஏறுங்கள். பட்டு நெசவாளர்கள் வாழ்ந்த, 1831இலும் 1834இலும் கிளர்ந்தெழுந்த மேடு இது. உயரமான தறிகள் நிற்க வேண்டும் என்பதற்காகவே வீடுகளின் உட்கூரையை அவ்வளவு உயரத்தில் கட்டினார்கள். கீழே இறங்கும்போது 9, பிளாஸ் கொல்பேரில் வோராஸ் முற்றத்தின் பெரிய படிக்கட்டைத் தவறவிட வேண்டாம். மூன்றாம் நாளுக்கு டி1 (T1) டிராமில் கோன்ஃப்ளுவான்ஸ். வேகமான ரோனும் சோம்பலான சோனும் கூடும் முனையில், இரண்டு நீரின் நிறமும் பெரும்பாலும் வேறாகத் தெரியும். அங்குள்ள அருங்காட்சியகமும் திங்களன்று திறக்காது. தெரோ சதுக்கத்து நுண்கலை அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை.

சாதாரண டிக்கெட் ஒரு மணி நேரம் செல்லும். வண்டி மாறும் ஒவ்வொரு முறையும் அதை மறுபடி பதிக்க வேண்டும், பதிக்காவிட்டால் அபராதம். தெருவைக் கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பாருங்கள். நம்மூர்ப் பழக்கத்தில் தலை வலப்பக்கமே திரும்பும், டிராம் சத்தமில்லாமல் வந்து நிற்கும்.

சாப்பாடு

லியோனின் மரபுச் சமையல் கிடைக்கும் புஷோன் உணவகங்கள் குடல், பன்றி, கல்லீரல் சமையலுக்குப் பேர் போனவை. காவடி விரதம் இருப்பவர் மட்டுமல்ல, மாட்டிறைச்சி தொடாதவர்களும் கேட்டுவிட்டே உட்கார வேண்டும். 'இறைச்சி இல்லாமல்' என்று மட்டும் சொன்னால் போதாது. லியோன் சாலடில் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் இருக்கும், கெனெல் மீனில் செய்தது. 'சான் வியாந்து, சான் புவாசோன், சான் லார்தோன்' (இறைச்சி, மீன், பன்றிக்கொழுப்புத் துண்டு இல்லாமல்) என்று மூன்றையும் சொல்லுங்கள். பூண்டும் மூலிகையும் கலந்த பாலாடைக்கட்டியான செர்வெல் து கானூ நல்ல தேர்வு. மதியச் சமையலறை இரண்டு மணிக்கு மூடும், அதற்குப் பிறகு ரொட்டிக்கடைதான். சோன் கரையில் சேன்-அந்துவான் சந்தை திங்கள் தவிர எல்லாக் காலையும் உண்டு.

டிசம்பரில் போவதானால்

நம் பள்ளி விடுமுறைக் காலத்திலேயே வரும் டிசம்பர் 8ஐ ஒட்டி நான்கு இரவு விளக்குத் திருவிழா. 1852இல் தொடங்கிய வழக்கம். நம் கார்த்திகைபோல வீட்டு ஜன்னல்களில் வரிசையாகச் சிறு விளக்கு ஏற்றுவார்கள். அறை வாடகை ஏறிவிடும், பல மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். ஐந்து மணிக்கே இருட்டிவிடும், குளிருக்குத் தடித்த காலுறையும் கையுறையும் கட்டாயம். விழா இரவுகளில் கூட்டத்தைச் சமாளிக்க நடு ஊரின் சில மெட்ரோ நிலையங்களை மூடுவார்கள். ஆகவே பார்த்து முடித்ததும் ரோனின் மறுகரைக்கு நடந்துபோய், சாக்ஸ்-காம்பெத்தாவில் ஏறுவது சுலபம்.