சாரல் காலத்தில் முயல் விடாமல் தும்மினால்

செங்கோட்டை, புளியரைப் பக்கம் சாரல் தொடங்கிவிட்டால் கூண்டின் ஈரம் எளிதில் காய்வதில்லை. முயல் அடிக்கடி தும்மினால், முதலில் மரத்தூளை அகற்றிக் காகிதமோ தூசி உதறிய வைக்கோலோ விரித்து, சிறுநீர் நனைத்த இடத்தை நாள்தோறும் மாற்றுங்கள். அதிலிருந்து எழும் அம்மோனியா நெடி மூக்கின் உட்சவ்வை அரித்து, பாஸ்சுரெல்லா போன்ற நுண்ணுயிரிகளுக்கு வழிவிடுகிறது. நின்றபடி பார்த்தால் நெடி தெரியாது, கூண்டின் மட்டத்துக்குக் குனிந்து முகர்ந்து பாருங்கள்.

முயல் மூக்கைக் காலால் துடைத்துக்கொள்ளும் என்பதால், முன்னங்கால்களின் உட்புறத்தில் மயிர் ஒட்டித் திரிதிரியாக இருந்தால் சளி வடிகிறது என்று பொருள். எங்கள் வெள்ளை முயலுக்கு அப்படித்தான் கண்டுபிடித்தோம். சளி கெட்டியாக வெள்ளையாகவோ மஞ்சளாகவோ வந்தால், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் மிஞ்சிய அமாக்சிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கலக்கிக் கொடுக்கவே கூடாது. அது குடலின் நல்ல நுண்ணுயிரிகளை அழித்து, முயலின் உயிரையே பறித்துவிடக்கூடும். முயல் இயல்பாக மூக்கால்தான் மூச்சுவிடும். ஆகவே அது வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, அரை நாளாகத் தீனியைத் தொடாவிட்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே கிளம்பிவிடுங்கள்.