பூட்டிய வீட்டு ஷவரும் வெயிலில் கிடந்த ஹோஸ் பைப்பும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களில், ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும் வீடுகளுக்குக் குறைவில்லை. பிள்ளைகள் சிங்கப்பூரிலோ துபாயிலோ சென்னையிலோ இருப்பார்கள். பொங்கலுக்கோ குலதெய்வக் கோயில் குடமுழுக்குக்கோ வந்து நான்கு நாள் தங்கிவிட்டுத் திரும்புவார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே ஆள் வைத்து ஒட்டடை அடித்து, வீடு முழுவதும் கழுவி, வாசலில் கோலம் போட்டு வைத்திருப்பார்கள். ஆனால் மாடித் தொட்டியிலும் குழாயிலும் ஷவரின் தலைக்குள்ளும் மாதக்கணக்கில் நின்ற தண்ணீரை யாரும் சந்தேகிப்பதில்லை. பயணக் களைப்போடு வந்த பெரியவர், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தத் தண்ணீரில்தான் முதல் குளியலைப் போடுகிறார்.

நின்ற நீரில் வளரும் கிருமிகளில் கூடுதல் கவனத்துக்குரியது லெஜியோனெல்லா என்னும் பாக்டீரியா. 1976 ஜூலையில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் முன்னாள் படைவீரர்கள் ஓர் ஓட்டலில் மாநாடு நடத்தியபோது இருநூறுக்கும் மேற்பட்டோர் நோயுற்று, 34 பேர் இறந்தார்கள். காரணமான கிருமி அடுத்த ஆண்டுதான் பிடிபட்டது. இந்தக் கிருமி இருக்கும் நீரைக் குடிப்பதால் பொதுவாக நோய் வருவதில்லை. புரையேறி நீர் மூச்சுக்குழாய்க்குள் போனாலோ, கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய நீர்த்திவலைகளை மூச்சோடு இழுத்தாலோதான் அது நுரையீரலை அடைகிறது. ஷவர், ஹோஸ் பைப்பின் முனையில் மாட்டும் ஸ்பிரே கன், உள்ளே இறங்கி உட்கார்ந்து குளிக்கும் சுடுநீர்த் தொட்டி ஆகிய மூன்றும் அத்தகைய திவலைகளை உண்டாக்குபவை. 1999இல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் ஊரில் நடந்த மலர்க் கண்காட்சியில், விற்பனைக்காக வைத்திருந்த சுடுநீர்த் தொட்டியின் திவலைகளை மூச்சில் இழுத்தவர்களில் குறைந்தது 32 பேர் இறந்தார்கள். அவர்களில் யாரும் அந்தத் தொட்டிக்குள் இறங்கவில்லை. பூப் பார்க்க வந்து பக்கத்தில் நடந்தவர்கள்தாம்.

மேல்நாட்டு அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்வது

லெஜியோனெல்லா 20 முதல் 45 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் பெருகும். 20க்குக் கீழே உறங்கும். 60 பாகையில் பெரும்பாலானவை சில நிமிடங்களிலேயே மடிந்துவிடும். ஆகவே குளிர்நீரைக் குளிர்ச்சியாகவும் வெந்நீரைச் சூடாகவும் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. நம் பக்கத்தில் இதன் முதல் பாதி நடக்காத காரியம். மார்கழி விடியற்காலையில்கூடக் குழாய்த் தண்ணீர் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. கத்திரி வெயிலில் மொட்டைமாடியில் நிற்கும் கறுப்பு நிற பிளாஸ்டிக் தொட்டியின் நீர் கையைச் சுடும். கிருமிக்கு ஏற்ற வெப்பம் ஆண்டு முழுவதும் இங்கே இலவசமாகவே கிடைக்கிறது. எனவே குளிர்நீரைப் பொறுத்தவரை நம் கையில் இருப்பவை மூன்றே: நீரை நிற்கவிடாமல் ஓடவைப்பது, குளோரின், படிவைச் சுரண்டிக் கழுவுவது. இவற்றில் முதலாவதுக்குக் காசே ஆகாது; ஆனால் அதைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை.

தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்று நம்புவது

நாற்றமில்லை, நிறமில்லை, ஆகவே நல்ல தண்ணீர் என்பது பொதுவான எண்ணம். கிருமி பெரும்பாலும் தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பதில்லை. குழாயின் உட்சுவரில் வழவழப்பாகப் படியும் படலத்திலும், அந்தப் படலத்தை மேயும் அமீபாக்களின் உடலுக்குள்ளும் அது குடியிருக்கிறது. சில ஆண்டுகள் ஓடிய ஷவரின் தலையை ஒருமுறை கழற்றிப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். போர் தண்ணீரின் உப்பு, துளைகளைச் சுற்றி வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசியதுபோல் இறுகியிருக்கும். அந்த உப்பின் அடியிலும், உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரின் ஓரத்திலும் விரலை வைத்தால் பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று ஒட்டும். உப்புப் படிவின் சொரசொரப்பு அந்தக் கொழகொழப்புக்கு நல்ல பிடிமானம். கடலோரத்துக்கு நெருங்க நெருங்க நிலத்தடி நீரின் உப்பு கூடுவதால், நாகை, வேதாரண்யம் பக்கங்களில் ஷவர் இன்னும் சீக்கிரம் அடைத்துக்கொள்கிறது.

கொள்ளிடத்துக் கூட்டுக் குடிநீர் வருகிற வீட்டுக்காரர்கள், அதில்தான் குளோரின் போட்டு அனுப்புகிறார்களே என்று கேட்கலாம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் குளோரின் வெப்பத்திலும் நாள்போக்கிலும் கரைந்துபோகும். மூன்று வாரம் தொட்டியில் நின்ற கூட்டுக் குடிநீருக்கும், குளோரினே காணாத போர் தண்ணீருக்கும் இந்த விஷயத்தில் பெரிய வேறுபாடு கிடையாது.

வந்ததும் ஷவரைத் திறப்பது

பூட்டிய வீட்டைத் திறந்ததும் செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் தொட்டியின் பழைய நீர் முழுவதையும் அடியில் உள்ள வால்வு வழியாக வெளியேற்றி, அடியில் தங்கிய வண்டலைக் கழுவிவிட்டு, மோட்டார் போட்டுப் புதுநீர் ஏற்ற வேண்டும். பிறகு, தொட்டிக்கு அருகிலுள்ள குழாயிலிருந்து தொடங்கி, கடைசிக் குழாய் வரை ஒவ்வொன்றையும் சில நிமிடம் ஓடவிட வேண்டும். ஷவரைக் கடைசியாகத்தான் திறக்க வேண்டும். அதுவும் அதன் தலையைக் கழற்றிவிட்டுத் திறப்பதே நல்லது. கழற்ற முடியாவிட்டால், ஒரு பிளாஸ்டிக் பையைத் தலையின்மேல் கட்டி, பையின் அடி மூலையைக் கொஞ்சம் வெட்டிவிட்டால், நீர் சிதறாமல் ஒரே தாரையாகக் கீழே இறங்கும். குளியலறைச் சன்னலைத் திறந்து வைத்துவிட்டு, குழாயை மெதுவாகத் திருகி, உடனே வெளியே வந்துவிடுங்கள். இந்த வேலையை வீட்டில் ஆரோக்கியமாக உள்ள இளையவர்தான் செய்ய வேண்டும். ஐம்பது வயதைக் கடந்தவர்கள், புகைபிடிப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள், நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள், புற்றுநோய்க்கோ சிறுநீரக மாற்றுக்கோ மருந்து எடுப்பவர்கள் அப்போது அருகில் நிற்கக் கூடாது. இத்தகையவர்கள் முதல் சில நாட்கள் ஷவரைத் தொடாமல், வாளியில் பிடித்து மொண்டு ஊற்றிக் குளிப்பது நல்லது. ஷவரோடு ஒப்பிட்டால் வாளிக் குளியலில் பறக்கும் திவலை மிகக் குறைவு.

மாதக்கணக்கில் பூட்டியிருந்த வீடென்றால், வெறும் புதுநீர் போதாது. கடையில் வாங்கும் புதிய பிளீச்சிங் பவுடரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு 150 கிராம் பவுடரைத் தனி வாளியில் கரைத்து, சுண்ணாம்பு கீழே தங்கும்வரை விட்டு, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, எல்லாக் குழாய்களிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடி, ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு, பிறகு முழுவதையும் வெளியேற்றி நல்ல நீரால் கழுவ வேண்டும். அந்த ஒரு மணி நேரம் யாரும் குழாயைத் திறக்காதபடி சொல்லி வையுங்கள். வெளியேறும் நீரை மீன் வளர்க்கும் குட்டையிலோ செடியின் வேரிலோ விடாதீர்கள். அன்றாடப் பயன்பாட்டுக்கு ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராமே போதும். திறந்து வைத்து ஈரம் கோத்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது.

இதைவிட ஆபத்தான தவறு ஒன்று உண்டு. உப்புக்கறை போகவில்லை என்று பிளீச்சிங் பவுடரோடு கழிவறை கழுவும் ஆசிட்டையும் சேர்த்து ஊற்றுகிறார்கள். அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு, பூட்டிய சிறு குளியலறைக்குள் ஆளையே சாய்த்துவிடும். ஷவர் தலையின் உப்பை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறவைத்துத் தேய்த்து, நன்றாகக் கழுவிய பிறகு, தனியாக வேறொரு பாத்திரத்தில் குளோரின் நீரில் போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இது போதும். ரப்பர் வாஷரின் விலை அற்பம். அதைக் கழுவிக்கொண்டிருக்காமல் மாற்றிவிடலாம்.

கரண்ட் மிச்சமென்று கீசரைக் குறைத்து வைப்பது

நீரைத் தேக்கி வைக்கும் கீசரை 40, 45 பாகையில் வைத்திருப்பது கிருமிக்கு அடைகாத்துக் கொடுப்பதுபோல. 60 பாகையில் வைத்து, வாளியில் குளிர்நீர் கலந்து குளிப்பதே முறை. குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில் அந்தச் சூட்டு நீர் நேரடியாகத் தோலில் பட்டால் நொடிகளில் வெந்துவிடும் என்பதால், முதலில் குளிர்நீரைப் பிடித்து, அதன்மேல்தான் வெந்நீர் விட வேண்டும். மொட்டைமாடி சோலார் ஹீட்டர் வைத்தவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் சிக்கலானவை. வடகிழக்குப் பருவமழையில் நாட்கணக்கில் வெயில் முகமே தெரியாதபோது, அந்தத் தொட்டி நீர் வெதுவெதுப்பாகவே கிடக்கும். உள்ளே மின்சார ஹீட்டர் கம்பி இருந்தால் அப்போதுதான் அதைப் போட வேண்டும்.

கல்யாண மண்டபங்களின் ஓய்வு மாதங்கள்

வீடுகளைவிட எனக்குக் கூடுதலாகக் கவலை தருபவை மண்டபங்களும் தங்கும் விடுதிகளும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் மண்டபத்து அறைகள் பூட்டியே கிடக்கும். ஆவணி முதல் முகூர்த்தத்தின் முந்தைய மாலை, இரு வீட்டுப் பெரியவர்களும் ஒரே நேரத்தில் அந்த அறைகளில் வந்து இறங்குவார்கள். அறைக் குளியலறைகளை ஃபினாயில் ஊற்றிக் கழுவுவதோடு மண்டபத்தாரின் தயாரிப்பு முடிந்துவிடுகிறது. அதிகம் பயன்படாத குழாய்களை வாரம் ஒருமுறையாவது சில நிமிடம் ஓடவிட வேண்டும் என்பது பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு வழிகாட்டுதல். காவலாளி கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, அறை எண்ணும் தேதியும் எழுதவைத்தால் ஆகிவிடும் வேலை இது. 2028 மகாமகத்துக்குக் கும்பகோணத்தில் எத்தனையோ அறைகள் வாடகைக்குத் திறக்கப்படும். அவற்றில் எவ்வளவு காலமாகப் பூட்டிக் கிடந்தவை இருக்கும் என்று விடுதிக்காரர்கள் இப்போதே யோசிக்கலாம்.

பழைய கீசரைக் கழற்றி, குழாயின் வாயில் மூடி போட்டு விட்டுவிடும் வழக்கமும் உண்டு. அந்த முட்டுச்சந்துக் குழாயில் நீர் நின்றுகொண்டே இருக்கும். பிளம்பரிடம் சொல்லி, பிரியும் இடத்திலேயே அறுத்து அடைக்கச் சொல்லுங்கள்.

ஹோஸ் பைப்பை வெயிலில் போட்டுவிட்டுப் போவது

தென்னைக்கும் பூச்செடிக்கும் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, முனையிலுள்ள ஸ்பிரே கன்னை மட்டும் மூடி, குழாயைத் திறந்தபடியே விடுபவர்கள் பலர். பைப்புக்குள் நீர் நிறைந்தே நிற்கிறது. வெயில் நேராகப் படும் பகுதி கிருமி சாகுமளவு சூடேறலாம். மரநிழலிலும் மண்ணிலும் கிடக்கும் பகுதி வெதுவெதுப்போடு நின்றுவிடும். அடுத்த நாள் மாலை முதலில் பீய்ச்சும் நீரில் இரண்டும் கலந்துதான் வருகிறது. வேலை முடிந்ததும் குழாயை மூடி, கன்னைக் கழற்றி, பைப்பை ஒரு முனையிலிருந்து தோளுயரம் தூக்கிக்கொண்டே நடந்து நீரை வடித்து, நிழலில் சுருட்டித் தொங்கவிடுங்கள். மறுநாள் முதல் நீரைக் கன் இல்லாமல், பைப்பின் வாயை மரத்தின் அடியில் தாழ்வாக வைத்து ஓடவிடுங்கள். பெருவிரலால் வாயை அடைத்துப் பீய்ச்சும் பழக்கம் அப்போது வேண்டாம்.

விடுமுறையில் பிள்ளைகள் இந்த பைப்பை எடுத்துத்தான் ஒருவர்மேல் ஒருவர் பீய்ச்சி விளையாடுவார்கள். அதில் கவனம் தேவைப்படுவதற்கு, வெயிலில் கிடந்த நீர் இளம் தோலைச் சுட்டுவிடும் என்பது ஒரு காரணம். மற்றொன்று, வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் நெக்ளேரியா என்னும் அமீபா. அது மூக்கு வழியாக ஏறி மூளையைத் தாக்கும். மிக அரிய நோய். வந்தால் பிழைப்பவர் சிலரே. 2024, 2025 ஆண்டுகளில் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சல் பலரைப் பலிகொண்டதை அறிவோம். இந்நோய் 1965இல் முதலில் விவரிக்கப்பட்டது தென் ஆஸ்திரேலியாவில். அங்கே நிலத்தின்மேல் நெடுந்தூரம் வெயிலில் கிடந்த குடிநீர்க் குழாய்களில்தான் அமீபா பெருகியது. பைப்பை மூக்கருகே பிடித்துப் பீய்ச்ச வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். மூக்கில் நீர் விட்டுக் கழுவும் ஜலநேதி செய்பவர்கள் கொதித்து ஆறிய நீரையே பயன்படுத்த வேண்டும்.

வயலோர வீடுகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. பூச்சிமருந்து கலக்கும் டிரம்முக்குள் பைப்பின் முனையை முக்கிவிட்டு மோட்டாரைப் போடுகிறார்கள். மின்சாரம் போய் அழுத்தம் விழுந்தால் மருந்துநீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டுக் குழாய்க்குள்ளும் தொட்டிக்குள்ளும் போகும். முனை டிரம்மின் விளிம்புக்கு மேலேயே இருக்கட்டும்.

காய்ச்சல் வந்தபின் செய்யும் தவறு

லெஜியோனெல்லா தொற்றினால் பெரும்பாலும் 2 முதல் 10 நாட்களுக்குள், சில வேளை இரண்டு வாரத்துக்குள், கடுங்காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுத்திணறல், தசைவலி தோன்றும். சிலருக்கு வயிற்றுப்போக்கும் மனக்குழப்பமும் சேரும். நோயுற்றவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இறக்கிறார். ஆளிடமிருந்து ஆளுக்கு இது பரவுவதில்லை என்றே கொள்ளலாம். மழைக்காலத்தில் டெல்டா மருத்துவர் ஒருவர் டெங்குவையும் எலிக்காய்ச்சலையும் முதலில் நினைப்பது இயல்பு. பூட்டிய வீட்டில் தங்கினோம், மண்டபத்து ஷவரில் குளித்தோம் என்பதை நோயாளி சொன்னால்தான் அவர் இந்தக் கிருமியைக் கண்டறியும் சிறுநீர்ப் பரிசோதனையைப் பற்றி யோசிப்பார். மெடிக்கலில் தாமாகவே வாங்கி விழுங்கும் அமாக்சிசிலின் போன்ற மாத்திரைகள், நம் உடலின் செல்களுக்குள் ஒளிந்து வாழும் இந்தக் கிருமியிடம் பலிப்பதில்லை. அதற்கான மருந்துகள் வேறு, அவற்றை மருத்துவர்தான் தர வேண்டும். நோய் உறுதியானால், அதே வீட்டிலோ மண்டபத்திலோ தங்கிய மற்றவர்களுக்கும் போன் போட்டு, காய்ச்சலோ இருமலோ இருக்கிறதா என்று அன்றே கேட்டுவிடுங்கள்.