சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: சீனரோடும் மலாய்க்காரரோடும் பதற்றமில்லாமல் பழக

மின்தூக்கிக் கதவு திறக்கிறது. உள்ளே பக்கத்து வீட்டுச் சீன மூதாட்டி நிற்கிறார். என்ன சொல்வதென்று தெரியாமல் கைப்பேசியையே பார்த்துக்கொண்டு கீழே இறங்கிவிடுகிறோம். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் குடியேறும் பலருக்கு முதல் சில மாதங்கள் இப்படித்தான் கழிகின்றன. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே சீனர் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9. ஒரு புளோக்கில் ஓர் இனத்தார் இவ்வளவு வீடுகளுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்ற வரம்பும் 1989 முதல் நடப்பில் இருக்கிறது. அதனால் பெரும்பாலான புளோக்குகளில் மூன்று இனத்தாரும் அக்கம்பக்கமாகவே இருப்பார்கள்.

முதலில் இந்தப் பதற்றம் என்ன செய்கிறது என்று பாருங்கள். “தப்பாக ஏதும் சொல்லிவிடுவேனோ, என்னை மட்டமாக நினைப்பாரோ” என்ற எண்ணம் வந்ததும் பார்வை தாழ்கிறது, பதில் ஒரு சொல்லில் முடிகிறது, உடல் அரை அடி தள்ளி நிற்கிறது. எதிரில் இருப்பவருக்கு உங்கள் பயம் தெரியாது. “இவருக்கு நம்மைப் பிடிக்கவில்லை” என்றுதான் அவருக்குப் படும். அவரும் ஒதுங்குவார். அதைப் பார்த்து உங்கள் சந்தேகம் உறுதிப்படும். அமெரிக்க உளவியலாளர்கள் நிக்கோல் ஷெல்டனும் ஜெனிஃபர் ரிச்சசனும் 2005இல் வெளியிட்ட ஆய்வில் இது தெளிவாகவே வந்தது: வெள்ளையர், கறுப்பர் இரு தரப்புக்கும் மற்றவரோடு பழக விருப்பம் இருந்தது, ஆனால் எதிர்த்தரப்புக்கு விருப்பமில்லை என்றே இருவரும் நினைத்திருந்தார்கள். மின்தூக்கியில் அந்த மூதாட்டியும் உங்களைப் போலவே தவித்துக்கொண்டிருக்கலாம் என்பதை மனத்தில் வையுங்கள். கீழே சொல்பவை எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

தொடங்குவதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். முதல் வாரம் வணக்கம் மட்டும் போதும்: முகத்தைப் பார்த்துச் சிறு புன்னகை, “மார்னிங் ஆன்ட்டி”, “மார்னிங் அங்கிள்”. வயதில் மூத்த சீனரை இங்கே எல்லாரும் அப்படித்தான் அழைப்பார்கள். மூத்த மலாய்ப் பெண்ணை மக்சிக், ஆணைப் பக்சிக் என்றால் அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்கலாம். இரண்டாம் வாரம் ஒரே ஒரு கேள்வி சேருங்கள். “சாப்பிட்டாச்சா?” என்று கேட்பது நமக்கு மட்டுமல்ல, சீனருக்கும் மலாய்க்காரருக்கும் பழைய வழக்கம். எளிய ஆங்கிலத்தில் கேளுங்கள், போதும். நெஞ்சு படபடத்தால் மூச்சை நான்கு எண்ணும்வரை இழுத்து ஆறு எண்ணும்வரை விடுங்கள். ஐந்தாறு முறை செய்தால் குரல் நடுங்காது.

ஒரே நாளில் நீளமாகப் பேசித் தீர்க்கப் பார்க்காதீர்கள். பலன் தருவது அதே ஆளை அடுத்தடுத்துச் சந்திப்பதுதான். 2008இல் எலிசபெத் பேஜ்-கோல்டும் குழுவினரும் வெள்ளை மாணவர்களையும் லத்தீன் அமெரிக்க வம்சாவளி மாணவர்களையும் இணை சேர்த்து மூன்று முறை சந்திக்க வைத்தார்கள். தொடக்கத்தில் அதிகம் அஞ்சக்கூடியவர்களுக்கும் மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் சந்திப்புக்குச் சந்திப்பு குறைந்தது. ஆகவே அலுவலகத்தில் ஒரே சக ஊழியரோடு வாரம் ஒரு நாள் மதிய உணவு, அதுவும் மூன்று வாரம் தொடர்ந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்து செய்ய ஒரு வேலை இருந்தால் இன்னும் எளிது. பூப்பந்து, சமூக மன்றத்துச் சமையல் வகுப்பு எதுவானாலும் சரி. கைக்கு வேலை இருக்கும்போது இடையில் வரும் மௌனம் உறுத்தாது.

பெயரில்தான் பலர் முதல் அடியிலேயே சறுக்குகிறார்கள். டான் வெய் மிங் என்றால் டான் என்பது குடும்பப் பெயர், அழைக்கவேண்டியது வெய் மிங். அகமது பின் யூசோஃப் என்றால் யூசோஃபின் மகன் அகமது. நம் இனிஷியலைப் போலத்தான். “திரு யூசோஃப்” என்றால் அவர் அப்பாவைக் கூப்பிட்டதாகிவிடும். தெரியவில்லையென்றால் “எப்படிக் கூப்பிடட்டும்?” என்று கேளுங்கள், ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள். உங்கள் பெயர் நீளமென்றால் எந்தச் சுருக்கம் உங்களுக்குப் பிடிக்கும் என்பதை நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். உச்சரிக்கத் தெரியாமல் உங்களைத் தவிர்ப்பவர்கள் உண்டு.

சாப்பாட்டு மேசையில் கவனிக்க வேண்டியவை சில. உணவங்காடி நிலையத்தில் ஹலால் தட்டுகளைத் திருப்பிவைக்கத் தனி அடுக்கு இருக்கும், மாற்றி வைக்காதீர்கள். சீனர் எல்லாம் சாப்பிடுவார் என்று நினைப்பதும் தவறு. குவான் யின் தேவியை வணங்கும் பலர் மாட்டிறைச்சி தொடுவதில்லை. மலாய்ப் பெண்களிடம் நீங்களாகக் கை நீட்ட வேண்டாம். அவர் நீட்டினால் குலுக்குங்கள், இல்லையென்றால் வலக்கையை நெஞ்சில் வைத்தால் போதும். “ஆமாம்” என்று நாம் தலையை இருபக்கமும் ஆட்டுவது பலருக்கு “இல்லை” என்றே தெரியும், ஆகவே வாய்விட்டும் சொல்லுங்கள். மேசையில் ஒரு சீனர் இருக்கும்போது மற்ற மூவர் தமிழில் சிரித்துப் பேசினால், தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவருக்குத் தோன்றும்.

தவறு நேரத்தான் செய்யும். அப்போது ஒரே வரி போதும்: “மன்னியுங்கள், தவறாகச் சொல்லிவிட்டேன்.” பத்து முறை மன்னிப்புக் கேட்டால் உங்களைத் தேற்றும் பாரம் அவர் தலையில் ஏறிவிடும். “உங்கள் ஆட்கள் ஏன் இப்படி?” என்று ஓர் இனத்துக்கே பதில் சொல்ல வைக்கும் கேள்வியும், நிறத்தைப் பற்றிய நகைச்சுவையும், பாராட்டாகச் சொன்னாலும், வேண்டவே வேண்டாம்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்தியருக்கு வீடு இல்லை என்று சொல்வதும், இனம் பார்த்துப் பதவி உயர்வை மறுப்பதும் உங்கள் பதற்றமல்ல, பாகுபாடு. அதை மூச்சுப் பயிற்சியால் விழுங்கிக்கொள்ளாதீர்கள். தேதி, சொன்ன சொற்கள், உடனிருந்தவர் யார் என்று எழுதிவையுங்கள். வேலை இடத்துப் புகார் என்றால், நியாயமான வேலை நடைமுறைகளைக் கவனிக்கும் டாஃபெப் (TAFEP) அமைப்பிடம் போகலாம்.

மூன்று நான்கு மாதம் கழித்துத் தீபாவளிக்கு அழையுங்கள். “எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்” என்ற அழைப்பில் பெரும்பாலும் யாரும் வருவதில்லை. எப்போது வருவது, எவ்வளவு நேரம் இருப்பது, என்ன உடுத்துவது என்று அவர்களுக்கும் கலக்கம் உண்டு. “காலை 11 முதல் 2 வரை, சாதாரண உடையில் வாருங்கள், பரிசு வேண்டாம்” என்று எழுதி அனுப்புங்கள். மலாய் நண்பர் வருகிறார் என்றால் ஹலால் சான்று உள்ள கடையிலிருந்து உணவு வாங்கி, கடைப் பெயரையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.