எழுத்தாளரின் கடிதங்களை அவர் பெயரில் மட்டும் தேடாதீர்கள்

ஒரு எழுத்தாளர் எழுதிய கடிதங்கள் வேண்டுமென்றால், நூலகத்தில் அவர் பெயரைச் சொல்லிக் கேட்பதற்கு முன்னால் அவர் யார் யாருக்கெல்லாம் எழுதினார் என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு, அந்தப் பெயர்களில் தேடுங்கள். தபாலில் போட்ட கடிதம் பெற்றவர் வீட்டுக்குத்தானே போகும்? எழுத்தாளரின் சொந்தக் காகிதங்களில் பெரும்பாலும் இருப்பவை அவருக்கு வந்தவைதான். உ.வே.சாமிநாதையரையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை பெசன்ட் நகரில் உள்ள அவர் பெயரிலான நூலகத்தில் பிறர் அவருக்கு எழுதிய கடிதங்கள் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன, ஆனால் பாரிஸில் இருந்த பிரெஞ்சுத் தமிழறிஞர் ஜூலியன் வின்சோனுக்கு அவர் எழுதியவற்றைத் தேட வேண்டிய இடம் வின்சோனின் காகிதங்கள்.

பட்டியல் போடுவது கஷ்டமில்லை, அவருக்கு வந்த கடிதங்களின் அடியில் இருக்கும் கையெழுத்துகளே போதும், நூல்களின் முன்னுரையில் நன்றி சொல்லியிருக்கும் பெயர்களையும் அவசியம் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், பெயரின் எழுத்துமுறையை மாற்றி மாற்றிப் பாருங்கள். சாமிநாதையர், சுவாமிநாத ஐயர், சாமிநாத அய்யர் என்று ஒருவரையே பல விதமாகப் பதிந்திருப்பார்கள்.

நாட்குறிப்பு, கையெழுத்துப் படி, கணக்கு நோட்டு போன்றவற்றுக்கு இந்த வழி உதவாது, அவை பெரும்பாலும் எழுத்தாளரின் சொந்தத் தொகுப்பிலோ குடும்பத்தாரிடமோதான் இருக்கும். கார்பன் நகலோ வரைவோ எடுத்து வைக்கும் பழக்கம் உள்ளவர் என்றால் நேராக அவர் காகிதங்களிலேயே தொடங்கலாம்.