அரூப ஓவியம்: கேன்வாஸ் கட்டுவதிலிருந்து கேலரிச் சுவர் வரை

ஒரு மரத்தை வரைந்தால், பூச்சில் சிறு குறை இருந்தாலும் பார்ப்பவர் கண் மரத்தைத் தேடிப் போய்விடும். எந்தப் பொருளின் உருவத்தையும் காட்டாத அரூப ஓவியத்தில் அந்தச் சலுகை கிடையாது. துணியின் தொய்வு, ஜெஸ்ஸோ எனும் வெள்ளை அடிப்பூச்சின் பிரஷ் தடம், வார்னிஷின் மினுக்கம் எல்லாமே படமாகிவிடும். அதனால் பொருட்களைப் பற்றி எடுக்கும் முடிவுகளே பாதிப் படம். இங்கே சொல்வதெல்லாம் அக்ரிலிக்கில், 90 செ.மீ. அகலம் 120 செ.மீ. உயரத்தில், ஒரு கண்காட்சிக்கான தொடரை மனதில் வைத்து.

எதிலிருந்து தொடங்குவது

துருப்பிடித்த தகரம், பெயர்ந்த சுவர்ப்பூச்சு, வெடித்த ஏரிமண் என்று எதையாவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் கலந்தால் தொடர் சிதறும். நாற்பது ஐம்பது போட்டோ எடுத்துவிட்டு, ஒரு அட்டையில் 4 செ.மீ. சதுர ஓட்டை வெட்டி அவற்றின் மேல் நகர்த்துங்கள். இது இன்ன பொருள் என்று தெரியாமல், ஆனால் கனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மட்டும் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். அதைக் கருப்பு, வெள்ளை, ஒரே ஒரு சாம்பல் கொண்டு உள்ளங்கை அளவில் வரையுங்கள். இருபது போட்டால் மூன்று நான்கு தேறும். பிறகு போட்டோக்களை உள்ளே வைத்துவிடுங்கள். கண்முன் இருந்தால் கை தானாக நகலெடுக்கும்.

நிறம் மூன்றும் ஒரு வெள்ளையும் போதும். அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா எனும் செம்பழுப்பு, மஞ்சள் ஓக்கர் நல்ல தொடக்கம். முதல் இரண்டையும் கலந்தாலே ஆழமான கருமை கிடைப்பதால் கருப்பு டியூப் தேவையில்லை. டியூபில் உள்ள பெயரை நம்பாமல், பின்னால் சிறிய எழுத்தில் இருக்கும் நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். பி.ஆர். 83 என்றால் அசல் அலிசரின் எனும் அடர்சிவப்பு, வெளிச்சத்தில் வெளிறும். பி.வி. 19 எனும் குவினாக்ரிடோன் அந்த இடத்தைக் கிட்டத்தட்ட நிரப்பும், நிலைத்தும் நிற்கும். அமெரிக்க அரூப ஓவியர் மார்க் ராத்கோ ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு வரைந்த பெரிய படங்கள் 1964இல் ஜன்னல் வெளிச்சம் கொட்டும் உணவுக்கூடத்தில் மாட்டப்பட்டன. அவர் பயன்படுத்திய லித்தோல் சிவப்பு வெயிலில் வெளுத்துப்போய், 1979க்குள் அவற்றைக் கழற்றிக் கிடங்கில் வைக்கவேண்டி வந்தது. பெரிய கையானாலும் நிறமி மன்னிப்பதில்லை.

துணியும் அடித்தளமும்

ஃபிரேம் போடாமல் மாட்டுவதாக இருந்தால் 4 செ.மீ. கனமுள்ள ஸ்ட்ரெச்சர், அதாவது துணியை இழுத்துக்கட்டும் மரச்சட்டம், வாங்குங்கள். நீளம் 100 செ.மீ. தாண்டினால் நடுவில் குறுக்குச்சட்டம் வேண்டும். இல்லாவிட்டால் துணியின் இழுப்பில் பக்கச்சட்டம் உள்ளே வளையும். துணியை நான்கு பக்கத்தின் நடுவிலும் ஒவ்வொரு ஸ்டேபிள் அடித்து நிறுத்தி, அங்கிருந்து எதிரெதிராக மூலை நோக்கி 5 செ.மீ. இடைவெளியில் போங்கள். மூலையிலிருந்து தொடங்கினால் விழும் சாய்வுச் சுருக்கம் கடைசிவரை போகாது.

பலர் தவறவிடும் இடம் இனிதான். பருத்தித் துணியில் பழுப்புக் கசடு உண்டு. மேலே பூசும் ஜெல்லிலுள்ள தண்ணீர் அதைக் கரைத்து, காயும்போது மேலே இழுத்து வரும். ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சுகள் சில நாளில் டீக்கறை படிந்ததுபோல் ஆவது இதனால்தான். வெறும் ஜெஸ்ஸோ இதைத் தடுக்காது. முதலில் ஜி.ஏ.சி. 100 போன்ற அக்ரிலிக் திரவ மீடியம் (நிறமி சேராத பிசின்) இரண்டு கோட், நன்றாகக் காய்ந்தபின் ஜெஸ்ஸோ மூன்று கோட். ஒவ்வொரு கோட்டும் முந்தையதற்குக் குறுக்காக. நடுவில் 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கவும், முகக்கவசத்தோடு.

பூச்சு

கிளேஸ் எனும் ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சுக்கு நிறம் 1 பங்கு, கிளேஸிங் மீடியம் 8 பங்கு. தண்ணீரை மட்டும் ஊற்றி நீர்க்கவைத்தால் பிசின் குறைந்து, அடுத்த கோட் போடும்போது கீழுள்ளது கிளம்பி வரலாம். அமெரிக்க ஓவியர் ஹெலன் ஃபிராங்கென்தாலர் 1952இல் செய்ததுபோல ஜெஸ்ஸோ போடாத துணியில் நிறத்தை ஊறவிடுவது வேறு கதை: அங்கே நிறத்தைத் துணியே குடித்துக்கொள்கிறது.

அக்ரிலிக் காய்ந்ததும் ஒரு படி கருக்கும். ஈரத்தில் பால்வெள்ளையாக இருக்கும் பிசின் கண்ணாடிபோல் தெளிந்துவிடுவதே காரணம். எந்தக் கலவையையும் முதலில் துண்டுத்தாளில் பூசி, ஹேர் டிரையரில் காயவைத்துப் பாருங்கள். நேர்கோடு வேண்டுமென்றால் டேப் ஒட்டி, அதன் விளிம்பில் நிறமற்ற மீடியத்தை ஒருமுறை ஓட்டுங்கள். கசிய வேண்டியது அதுவே கசிந்து அடைத்துக்கொள்ளும். பிறகு நிறம் பூசி, முழுதாகக் காயுமுன் டேப்பை உரியுங்கள். கனமாக ஊற்றிய பரப்பில் பிளவு விழுந்தால், மேல்தோல் முந்திக் காய்ந்து, அடியிலுள்ளது பின்னால் சுருங்கியிருக்கிறது என்று பொருள். மெல்லிசாகப் பலமுறை ஊற்றுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள்.

இரண்டு வாரம் காயவிட்டு, பளபளப்பான சாஃப்ட் ஜெல் (கிளாஸ் வகை) 2 பங்கு, தண்ணீர் 1 பங்கு கலந்து, பின்னாளில் வார்னிஷைக் கழற்றும்போது நிறத்தைக் காக்க ஒரு காப்புக்கோட். அதன்மேல் கழற்றக்கூடிய வார்னிஷ். மேட் வார்னிஷை ஒவ்வொரு முறையும் அடிவரை கலக்குங்கள். மங்கலாக்கும் பொடி அடியில் தங்கினால் முதல் படம் பளபளக்கும், கடைசிப் படத்தில் வெண்புகை படரும்.

கேலரியில்

ஏற்கெனவே அரூபப் படங்களைக் காட்டும் இடத்துக்கே விண்ணப்பியுங்கள். பத்துப் படங்கள், 150 சொல் குறிப்பு போதும். குறிப்பில் தத்துவத்தைக் குறைத்து, எதைப் பார்த்தீர்கள், எந்தப் பொருட்களால் செய்தீர்கள் என்று எழுதுங்கள். கமிஷன் பல இடங்களில் விற்பனையில் பாதி. தள்ளுபடி யார் பங்கில் கழியும், போக்குவரத்தும் காப்பீடும் யார் பொறுப்பு, பணம் எத்தனை நாளில் வரும் என்பவை எழுத்தில் இருக்கட்டும். விலைக்கு உயரத்தையும் அகலத்தையும் கூட்டி ஒரு விகிதத்தால் பெருக்குவது சுலபம். வீட்டில் ஒரு விலை, கேலரியில் ஒரு விலை மட்டும் வேண்டாம்.

மாட்டும்போது படத்தின் நடு, தரையிலிருந்து 150 செ.மீ.யில் நிற்கவேண்டும். படத்தின் பின்னால் கட்டிய கம்பியை ஆணி இருக்கும் இடத்தில் விரலால் மேலே இழுத்துப் பிடித்து, அங்கிருந்து படத்தின் மேல்விளிம்புவரை அளக்கவும், 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 120 செ.மீ. உயரப் படத்துக்கு 150 + 60 − 20 = 190; ஆணி அந்த உயரத்தில். இரண்டு ஆணியில் மாட்டினால் படம் சாயாது, ஆனால் கம்பியை இரு புள்ளியிலும் இழுத்து அளக்கவேண்டும். விளக்கு செங்குத்திலிருந்து சுமார் 30 பாகை சாய்வில் விழட்டும். அதைவிடக் குறைவாகச் சாய்ந்தால் பிரஷ் மேடுகள் நிழல் போடும்.

திரும்பக் கட்டும்போது பபிள் ராப்பை நேராகப் படத்தின்மேல் வைக்காதீர்கள். அக்ரிலிக் சூட்டில் இளகி, வட்ட வட்டமாக அச்சு வாங்கிக்கொள்ளும். சிலிக்கோன் பூசிய ரிலீஸ் பேப்பர் முதலில், மற்றவை அதற்கு மேல். பெயர், ஆண்டு, அளவு எல்லாவற்றையும் பின்புறச் சட்டத்தின் மரத்தில் எழுதுங்கள். துணியில் பேனா அழுத்தினால் முன்பக்கம் தெரியும்.